இராயப்பர் என்னும் பெயர்

இராயப்பர் என்ற பெயருக்குப் பொருள் கேட்டால் பெரும்பாலோர் ‘ராயர்’ என்பதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். இயேசுவின் திருத்தூதர் பன்னிருவரில் முதல்வரான பேதுரு அவர். அதனால் அரசர் போன்ற அப்பர், இராயப்பர் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இலத்தீன் வழிபாட்டு நூல்கள் பேதுருவைத் திருத்தூதர்களின் தலைவர் என்று போற்றுவதும் இதற்கு ஒத்தாசையாக நிற்கிறது. ஆனால் இந்தப் பெயரில் அரசர் யாரும் இல்லை. அதில் இருப்பது கல். அந்தக் கல் தமிழ் அகராதியில் எளிதில் கையில் அகப்படாது. வேங்கட மலையைத் தாண்டி, சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பேச்சுக்குள் போனால் காலில் இடறும்.

அந்தச் சீமையில் ராயர்களுக்கும் குறைவில்லை. திருமலைக் கோயிலின் முதல் கோபுரத்தைக் கடந்ததும் வலப்பக்கம், கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் திருமலாதேவி, சின்னாதேவி இருவருடன் கைகூப்பி நிற்கும் வெண்கலச் சிலைகளைப் பார்க்கலாம். ஏழு முறை மலையேறி வந்த ராயர் அவர். திருப்பதிக்கு அருகே ராயலசெருவு என்று ஓர் ஏரி இருக்கிறது. அவர் வெட்டுவித்தது என்று ஊரார் சொல்வார்கள். சித்தூர், கடப்பை, அனந்தபூர், கர்நூல் பகுதிகளுக்குச் சேர்த்து வழங்கும் ராயலசீமை என்ற பெயரும் அந்த ராயர்களால் வந்ததே. அது பழம்பெயர் அன்று. 1928-இல் நந்தியாலில் கூடிய மாநாட்டில்தான் அந்தப் பெயர் நிலைபெற்றது. அதற்கு முன் அந்த நிலத்தின் பெரும்பகுதியைத் தத்த மண்டலம் என்றார்கள். நிஜாம் 1800-இல் கும்பினிக்குத் தத்தம் செய்து கொடுத்த நிலம் என்பதால்.

இத்தனை ராயர்கள் உலவும் நாட்டில் ‘ராயப்ப’ என்று ஒரு பெயரைக் கேட்டால் காது அரசனைத்தான் நினைக்கும். அதே நாட்டில் கடைக்கால் தோண்டும் இடத்தில் நின்று பாருங்கள். மேஸ்திரி சித்தாளைப் பார்த்து, “ராயி தீஸ்குரா” என்பார். கல்லை எடுத்து வா என்று அர்த்தம். ஒரு கல் என்றால் ராயி, பல கற்கள் என்றால் ராள்ளு. தமிழ் பேசும் வீட்டில் பிறந்து சித்தூர் கடைவீதியில் வளர்ந்த பிள்ளைக்கும் இந்தச் சொல்லை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெலுங்கின் புணர்ச்சி விதிப்படி, ‘ராயி’ என்பதன் ஈற்று இகரம் ‘அப்ப’ என்பதன் அகரத்துக்கு முன் கெடும். ராயி என்பதும் அப்ப என்பதும் சேர்ந்தால் ராயப்ப. ராய என்பதும் அப்ப என்பதும் சேர்ந்தாலும் ராயப்ப. வேறு வேறு இடத்திலிருந்து வந்த இரண்டு சொற்கள் ஒரே உருவில் வந்து நிற்கின்றன. குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். ‘அப்ப’ சேராத இடத்தில் குழப்பமே இல்லை: ராயலசெருவு என்றால் ராயருடைய ஏரி, கற்களின் ஏரி என்று சொல்ல நினைத்திருந்தால் அது ‘ராள்ள’ என்றுதான் தொடங்கியிருக்கும்.

இன்னும் கொஞ்சம் ஆழத் தோண்டினால் இரண்டும் எழுத்திலேயே பிரிந்து நிற்பதைக் காணலாம். பழைய தெலுங்கில் நம் றகரத்துக்கு நேரான ஓர் எழுத்து உண்டு. வண்டிச் சக்கரம்போல இருப்பதால் அதைப் ‘பண்டி ரா’ என்றும், இலக்கணப் புலவர்கள் சகடரேபம் என்றும் சொல்வார்கள். கல்லைக் குறிக்கும் ராயியைப் பழைய தெலுங்கு இந்தப் பண்டி ராவில் எழுதியது. அதாவது அது ‘றாயி’. அரசனைக் குறிக்கும் ‘ராய’ வடமொழி ராஜன் பிராகிருதத்தின் வழியே தேய்ந்து வந்த சொல். அதற்குச் சாதாரண ரகரம். பேச்சில் இரண்டு ஒலியும் ஒன்றாகிவிட, எழுத்தும் மெல்ல ஒன்றாயிற்று. சொல்லின் முதலில் றகரம் நிற்கக்கூடாது என்ற தமிழ் மரபும் சேர்ந்துகொள்ள, இங்கே வந்தபோது அது ‘இராயப்பர்’ என்ற ஒரே உருவில் பதிந்தது.

றகரம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். சங்கத் தமிழில் அறை என்றால் பாறை. தெலுங்கு ஒரு காலத்தில் இத்தகைய சொற்களின் முதல் உயிரை உள்ளே தள்ளி, மெய்யை முன்னுக்குக் கொண்டுவந்தது. நம் அவன் அங்கே வாடு ஆனான். நம் உரல் அங்கே ரோலு ஆயிற்று. அதே வழியில் நம் அறை அங்கே றாயி ஆயிற்று. ஆகவே இராயப்பர் என்ற பெயரிலுள்ள கல் நமக்கு அயல்வீட்டுக் கல்லும் அன்று. நம் வீட்டில் பாறை என்ற பொருளை இழந்து உள்ளறை, சமையலறை என்று ஒடுங்கிவிட்ட சொல், அக்கா வீட்டில் கல்லாகவே இருந்து திரும்பி வந்திருக்கிறது.

இனி அந்தப் பெயரைச் சுமந்த மனிதரைப் பார்ப்போம். பெற்றோர் வைத்த பெயர் சீமோன். எபிரேயத்தில் ‘கேட்டார்’ என்ற வினையிலிருந்து வந்தது. கலிலேயக் கடல் என்று சொல்லப்படும் நன்னீர் ஏரியில் வலை வீசிப் பிழைத்தவர். பிறந்த ஊர் பெத்சாயிதா, குடித்தனம் கப்பர்நகூமில். அந்திரேயா உடன்பிறந்தவர். செபதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் தொழிலில் கூட்டாளிகள் என்கிறார் லூக்கா. மாமியார் காய்ச்சலில் படுத்திருந்ததையும், இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதும் எழுந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்ததையும் மாற்கு எழுதுகிறார். மாமியார் உண்டென்றால் மனைவி உண்டு. மனைவியும் வீட்டோடு இருந்துவிடவில்லை. சீமோன் தம் மனைவியை உடன் அழைத்துக்கொண்டு ஊழியத்துக்குப் போவதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் சொல்கிறார். இந்த அம்மாளின் பெயரை நற்செய்தியாளர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. கப்பர்நகூமில் கருங்கல்லால் கட்டிய எளிய வீடுகளின் அடித்தளங்கள் இருக்கின்றன. 1968-இல் பிரான்சிஸ்கன் துறவியர் நடத்திய அகழாய்வில், ஐந்தாம் நூற்றாண்டின் எண்கோணக் கோயிலுக்கு அடியில் அப்படி ஒரு வீடு வெளிப்பட்டது. சீமோனின் வீடு அதுவே என்று பழைய காலத்திலிருந்தே போற்றி வந்திருக்கிறார்கள்.

பன்னிருவரைத் தெரிந்தெடுத்ததைப் பற்றி லூக்கா சொல்வது சுருக்கம்தான். இயேசு மலைமேல் ஏறி இரா முழுவதும் வேண்டினார். விடிந்ததும் சீடர்களைக் கூப்பிட்டு அவர்களுள் பன்னிருவரைப் பிரித்தெடுத்து, அனுப்பப்பட்டவர் என்று பொருள்படும் பெயரை இட்டார். அந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்கவேண்டும். மீன்பிடிப்பவர் நால்வர். வரி வசூலித்த மத்தேயு ஒருவர். உரோமையை எதிர்த்த தீவிரர் கூட்டத்தின் பெயரைத் தாங்கிய இன்னொரு சீமோனும் அதே பந்தியில். யாக்கோபு இருவர். யூதா இருவர். இப்படி ஒரே பெயரில் இரண்டிரண்டு பேர் இருந்தால் அழைக்க ஒரு பட்டப்பெயர் வேண்டியிருக்கும். ஆந்திரத்து ஊர்களில் பெத்த, சின்ன என்று முன்னொட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். விவிலியத்திலும் ஒரு சின்ன யாக்கோபு உண்டு. தோமா என்பதே ‘இரட்டையர்’ என்ற பொருளுள்ள அரமேயச் சொல். செபதேயுவின் மக்கள் இருவருக்கும் இடிமுழக்கத்தின் மக்கள் என்று இயேசு பட்டம் சூட்டினார். சீமோனுக்குச் சூட்டியது கேபா.

கேபா என்றால் அரமேயத்தில் கல், பாறை. யோவான் நற்செய்தியில், அந்திரேயா தம் உடன்பிறந்தவரை அழைத்துவந்து நிறுத்திய முதல் சந்திப்பிலேயே இந்தப் பெயர் வந்துவிடுகிறது. இன்னும் அவர் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. யோவான் உடனே அங்கேயே ஒரு விளக்கம் சேர்க்கிறார்: கேபா என்பதைக் கிரேக்கத்தில் பெத்ரோஸ் என்று பெயர்த்துக் கொடுக்கிறார். ஆட்பெயரைப் பொருள்பார்த்து மொழிபெயர்ப்பது விவிலியத்துக்குள்ளேயே நடந்துவிட்ட காரியம். பெயரைப் பெயர்க்கக்கூடாது, ஒலியை அப்படியே எழுதவேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இந்த இடத்தை நின்று படிக்கவேண்டும். பெத்ரோஸ் என்று சொன்னால் கிரேக்கருக்குக் கல் கேட்டது. நமக்குப் பேதுரு என்றால் என்ன கேட்கிறது? ஒன்றும் கேட்பதில்லை.

மேற்கிலிருந்து இங்கு வந்த குருமார்களுக்கு அது கேட்டது. போர்த்துக்கீசியர் அவரை பெத்ரோ என்றார்கள். கல் அவர்களுக்கு பெத்ரா. இத்தாலியருக்கு பியெத்ரோ, பியெத்ரா. பிரெஞ்சுக்காரருக்கு இரண்டும் ஒன்றே: கல்லும் பியேர், பேதுருவும் பியேர். இந்த நாட்டு மொழிகளில் பெயர் வைக்கப் புகுந்தவர்கள் எல்லாரும் தாய்மொழியிலேயே பேதுருவைக் கல்லாகக் கேட்டு வளர்ந்தவர்கள். ‘அரசர்’ என்று அவர்கள் வைத்திருப்பார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூடப்பிறந்த பெயர்களைப் பார்த்தால் இது இன்னும் உறுதியாகும். இலத்தீனில் பவுல் என்றால் சிறியவர். தமிழில் அவர் சின்னப்பர். எபிரேயத்தில் யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார், தமிழில் அருளப்பர். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் முடி, தமிழில் முடியப்பர். அந்திரேயா என்றால் ஆண்மை, வீரம், தமிழில் பெலவேந்திரர். தொமினிக் என்றால் ஆண்டவருக்குரியவர், தமிழில் சாமிநாதர். யோசேப்பை ‘மிகுவிப்பார்’ என்ற பொருள்பற்றி வளன் என்று தேம்பாவணியில் அமைத்தார் வீரமாமுனிவர். இப்படிப் பொருளைப் பார்த்தே செய்த பெயர்களின் வரிசையில், அதுவும் ஜூன் 29 அன்று ஒரே நாளில் திருநாள் கொண்டாடப்படும் சின்னப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் இராயப்பர் மட்டும் பொருளை விட்டு விலகி அரசராகியிருக்க நியாயம் இல்லை. சவேரியார், சந்தியாகப்பர், சூசையப்பர் என்று ஒலியை ஒட்டிச் செய்த பெயர்களும் உண்டு. ஆனால் பேதுரு என்ற ஒலிக்கும் இராயப்பருக்கும் எந்த ஒட்டும் இல்லை.

தமிழில் கல் என்ற சொல் இருக்கும்போது தெலுங்குக்கு ஏன் போனார்கள்? கல்லப்பர் என்றால் ஆகாதா? கல்லுக்கும் கள்ளுக்கும் இடையே ஒரு நாப்பிறழ்வுதான் தூரம். லகர ளகரம் பிரிக்கத் தடுமாறும் வெளிநாட்டுக் குரு கல்லப்பர் என்று பீடத்தில் நின்று சொன்னால் கேட்பவருக்குக் கள்ளர் என்றுகூடப் படலாம். வணக்கத்துக்குரிய பெயரில் அப்படி ஓர் இடறல் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம் என்பது என் கருத்து. அதைவிட வலுவான காரணம், அன்றைய தமிழ்நாட்டில் தெலுங்கு அயல்மொழியாக இல்லை என்பது. தத்துவ போதகர் என்ற இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்தபோது அங்கே அரசு செய்தவர்கள் தெலுங்கு பேசிய நாயக்கர்கள். அவரும் தமிழோடும் வடமொழியோடும் தெலுங்கையும் கற்றார். அரண்மனை, படை, கணக்கு எங்கும் வடுகு கலந்திருந்தது.

மதுரைக்கு முன்பே இயேசு சபையினர் தெலுங்கு மண்ணில் கால் வைத்தாயிற்று. 1598-இல் அவர்கள் சந்திரகிரிக்கு வந்தார்கள். திருப்பதிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், இன்று ராஜ மகால் நிற்கும் அதே சந்திரகிரி. விஜயநகர அரசின் கடைசிப் பெரிய மன்னரான இரண்டாம் வேங்கடபதி ராயர் அங்கே அரசிருந்தார். பிரான்செஸ்கோ ரிச்சி, அந்தோனியோ ரூபினோ போன்றவர்கள் அங்கே தங்கித் தெலுங்கு கற்றார்கள். பார்த்தொலோமேயோ ஃபோந்தெபோவா என்ற சபைச் சகோதரர் ராயருக்கு ஓவியங்கள் தீட்டிக் கொடுத்தார். ராயர் மதம் மாறவில்லை. தம் குலதெய்வமான வேங்கடவனை விடவும் இல்லை. ஆனாலும் வந்தவர்களை மதித்து வைத்திருந்தார். அந்த அரண்மனையில் ‘ராயர்’ என்றால் யார் என்பது குருமார்களுக்கு நன்றாகவே தெரியும். வெளியே மலைப்பாதையில் ‘ராயி’ என்றால் எது என்பதும் தெரியும்.

நூறாண்டு கழித்துப் பிரெஞ்சு இயேசு சபையினர் புதுச்சேரியிலிருந்து வடக்கே கர்நாடக மிஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பழைய சித்தூர் மாவட்டத்துப் புங்கனூர் அதன் தொடக்ககால நிலையங்களில் ஒன்று. அந்த மிஷனில் உழைத்தவர்தான் கஸ்தோன் கேர்து. தெலுங்குக்கு அகராதி செய்தவர். சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் உறவுடையவை என்று 1767-இல் பாரிசுக்கு எழுதி அனுப்பியவர். அந்த மிஷனின் வழிவந்த தெலுங்குக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் ராயப்ப உண்டு, சின்னப்ப உண்டு. இஞ்ஞாசியார் அங்கே இன்னய்யா ஆனார். சவேரியார் சௌரய்யா ஆனார். தமிழ்க் கோயில் பெயர்களும் தெலுங்குக் கோயில் பெயர்களும் ஒரே பட்டறையில் அடித்தவை என்பது இதில் தெரிகிறது.

பெயரின் பின்பாதியை மறந்துவிடக்கூடாது. அப்பர் என்ற முடிவு எங்கும் தானாக ஒட்டிக்கொள்ளாது. நெல்லையப்பர், ஐயாறப்பர் என்று சிவனுக்கு வழங்கும் முடிவு அது. திருநாவுக்கரசரைச் சம்பந்தர் கூப்பிட்ட விளியும் அதுவே. திருப்பதியிலிருந்து கிழக்கே, பொன்முகலி ஆற்றங்கரையில் காளத்தி இருக்கிறது. தெலுங்கில் அந்த ஆறு சுவர்ணமுகி. அங்கே மலைமேல் தனிக்கோயில் கொண்டிருப்பவர் கண்ணப்பர். பொத்தப்பி நாட்டு வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த பிள்ளை. தூக்கும்போது திண்ணென்று கனத்ததால் திண்ணன். வேதம் அறியாதவர், இறைச்சியைக் கடித்துச் சுவைபார்த்துப் படைத்தவர், வாய்நீரால் அபிஷேகம் செய்தவர். லிங்கத்தின் கண்ணில் குருதி வழியக் கண்டதும் தம் கண்ணைத் தோண்டி அப்பினார். அடுத்த கண்ணுக்கும் அம்பெடுத்தபோது, மும்முறை பெயர் சொல்லித் தடுத்து அவரைக் கண்ணப்பன் ஆக்கினார் இறைவன் என்கிறது பெரியபுராணம். அதே காளத்தியில் கிருஷ்ணதேவராயர் காலத்துக் கவி தூர்ஜடி இந்தக் கதையைத் தெலுங்கில் பாடினார். அங்கே அவர் தின்னடு.

ஒருவர் வில்லெடுத்தவர், ஒருவர் வலையெடுத்தவர். இருவருக்கும் வீட்டில் ஒரு பெயர். தெய்வம் இட்டது வேறொரு பெயர். வேற்றுமையும் பெரிது: திண்ணனுக்குக் கண்ணைக் கொடுத்த பிறகு பெயர் வந்தது, சீமோனுக்குக் கொடுப்பதற்கு முன்பே வந்துவிட்டது. வந்தபின் அவர் தண்ணீரில் நடக்கப் புறப்பட்டு மூழ்கினார். ஆபத்து வந்த இரவில் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னார். உயிர்த்த இயேசு ஏரிக்கரையில் மூன்று முறை கேட்டு அந்த மூன்றையும் கழித்தார். கண்ணப்பர், அப்பர் கதைகளைக் கேட்டு வளர்ந்த மக்களிடம் ‘இராயப்பர்’ என்று சொன்னால், அடியார் ஒருவர், இறைவனிடம் பெயர் பெற்றவர், தகப்பன் முறையில் வணங்கத்தக்கவர் என்பதெல்லாம் சொல்லாமலே போய்ச் சேரும். அந்த அறிவோடுதான் பெயர் வைத்தவர்கள் கல்லோடு அப்பரைச் சேர்த்தார்கள் என்று நம்புகிறேன்.

1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்தாந்தரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் வெளிவந்தபின், வழிபாட்டில் பேதுருவும் பவுலும் யோவானும் நிலைத்தார்கள். ஒற்றுமைக்காகச் செய்தது, அதன் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்ற மூன்று தமிழாக்கங்களும் வாசகப் புத்தகத்திலிருந்து இறங்கிவிட்டன. மறைக்கல்வி வகுப்பிலாவது இவற்றின் பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஞானஸ்நானப் பேரேடுகளில் ராயப்பன், இலங்கைத் தமிழரிடையே இராயப்பு என்று பெயர் இன்னும் வாழ்கிறது. மன்னார் ஆயராக 1992 முதல் இருந்து, போரின் நாட்களில் மக்களுக்காகப் பேசிய இராயப்பு ஜோசப் ஆண்டகை 2021-இல் காலமானார். அவர் பெயரின் முன்பாதி இந்தக் கல்தான்.

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் இராயப்பர் கோயில் உண்டு. கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிப் படகோட்டியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தங்கள் பணத்தில் எழுப்பியது. கடலில் பிழைப்பவர்கள் கடலில் பிழைத்த புனிதரையே வேண்டிக்கொண்டார்கள். ஊருக்குப் பெயர் வந்தது அந்த இராயப்பரால்தான் என்பது அங்குள்ளவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. அது உண்மையானால், ராயப்பேட்டையின் ராயரைக் கொண்டு ராயபுரத்துக்குப் பொருள் சொல்வது பிழை. ராயபுரம் கல்லின் ஊர். கப்பர்நகூம் மீனவரின் கல்.